2 லட்சத்தில் கேமரா வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கிறேன். தையல் வேலை செய்கிறேன். பள்ளியில் ஆணும் பெண்ணுமாக அறுநூறு பிள்ளைகள். சில மாதமாக எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண் பிள்ளைகள் வீட்டில் சொல்லி அழுகிறார்கள். பையன்கள் பின்னாலிருந்து உள்ளாடைப் பட்டையை இழுத்துவிட்டு ஓடுகிறார்கள். மாடிப்படி நெரிசலில் மேலே கை வைக்கிறார்கள். கழிப்பறைச் சுவரில் பெயர் எழுதி அசிங்கமாகப் படம் வரைகிறார்கள். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் முகத்தை வேறொரு படத்தில் ஒட்டி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். அவள் மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால், ‘வெளியே தெரிந்தால் பள்ளி பேர் கெடும், பையன்கள் வாழ்க்கையும் போய்விடும், ரெண்டு பேருக்கு டி.சி. கொடுத்து முடிச்சிடலாம்’ என்கிறார். முன்னாள் மாணவர்கள் 2 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் சிசிடிவி கேட்கிறார். உடற்கல்வி ஆசிரியர் பெண் பிள்ளைகளுக்குக் கராத்தே கேட்கிறார். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். எதைச் செய்வது?

பதில்:

வணக்கம் அம்மா. பணத்துக்குப் பிறகு வருகிறேன். பள்ளிக்கு வராமல் இருக்கும் அந்தப் பெண்ணின் விஷயம் முதலில்.

குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்கிறது போக்சோ சட்டம். 19ஆம் பிரிவு சொல்லச் சொல்கிறது. சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. தலைமையாசிரியருக்கு உள்ள கடமை உங்களுக்கும் உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கும் உண்டு. அதனால்தான் இந்தப் பதில் அச்சுக்குப் போகும் முன்பே உங்களை அழைத்துப் பேசினேன், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் தகவல் போய்விட்டது. போனில் சொன்னதை இங்கே மறுபடி எழுதுவது மற்ற பள்ளிகளின் குழுக்களும் படிப்பார்கள் என்பதற்காக.

நீங்கள் எழுதியிருப்பதில் எது சட்டத்துக்குள் வரும்? பாலியல் நோக்கத்தோடு உடலைத் தொடுவது 7ஆம் பிரிவு. தொடாமல் சொல்லால், சைகையால், படத்தால் தொல்லை தருவது 11ஆம் பிரிவு. ‘துணிக்கு மேலதானே தொட்டான்’ என்று இனி யாரும் வாதாட முடியாது. தோலோடு தோல் பட வேண்டியதில்லை, நோக்கம்தான் முக்கியம் என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவன் பெயரோடு ஒருத்தி பெயரைச் சேர்த்து வகுப்பில் கத்துவதையெல்லாம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. அதற்கு விவரம் தெரிந்த ஒரு வகுப்பாசிரியர் போதும். ஆனால் தொட்டதும் படம் போட்டதும் பள்ளிக்குள்ளேயே பஞ்சாயத்து பேசி முடிக்கும் சமாசாரம் அல்ல. இரு வீட்டாரும் எழுதிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். போக்சோ வழக்கை அப்படிச் சமரசத்தின் பேரில் ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பெண்ணைக் காவல் நிலையத்துக்கு அலைய வைக்க வேண்டுமோ என்று அவள் அம்மா பயப்படுவதாகச் சொன்னீர்கள். வேண்டியதில்லை. அவள் வீட்டில், அல்லது அவள் விரும்பும் இடத்தில், கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல் வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். அம்மா பக்கத்தில் இருக்கலாம். அவள் பெயரோ படமோ ஊடகத்தில் வரக்கூடாது. வெளியிட்டவர் குற்றவாளி.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘ஆதாரம்’ என்று சொல்லி ஆசிரியர்கள் அதை வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்தால், அவர்களும் அதே குற்றத்தைத்தான் செய்கிறார்கள். குழந்தையைப் பாலியல் முறையில் காட்டும் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவில் வரும். படத்தைச் சேமிக்கவோ அனுப்பவோ வேண்டாம். அந்தக் கணக்கின் பெயர், முகவரி, பார்த்த தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் புலனாய்வு அதிகாரியிடம் கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவையும் உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் படங்களை இணையத்திலிருந்து எடுக்க உதவுவது அது. படத்தை எங்கேயும் ஏற்றாமலே, அதன் எண் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்களுக்குத் தெரிவிக்கும்.

இனி தலைமையாசிரியரின் பயம். பையன்கள் வாழ்க்கை போய்விடும் என்று அவர் சொல்வதை நான் சாக்கு என்று ஒதுக்கவில்லை. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் இருந்த காலத்தில் இதே கவலையோடு வந்த ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் புகாரை அமுக்கியது கெட்ட எண்ணத்தால் அல்ல. போக்சோ என்றால் கைவிலங்கு, பதினான்கு வயதுப் பையன் லாக்கப்பில் கிடப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ள பையன் இளைஞர் நீதிச் சட்டத்துக்குள் வருவான். அவனுக்கு லாக்கப் கிடையாது, விலங்கு கிடையாது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருக்க வேண்டிய குழந்தைகள் நலக் காவல் அலுவலர்தான் அவனை விசாரிப்பார். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு என்றிருக்கும் கொடுங்குற்றங்களிலும், பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றங்களிலும்தான் எஃப்.ஐ.ஆர். மற்றவற்றில் நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளில் 8ஆம் விதி. குழுமம் கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம். ஆலோசனைக்குப் போகச் சொல்லலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ இது தடையாகக் கூடாது என்று அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. இந்த ஒரு பத்தியைப் பிரதி எடுத்துத் தலைமையாசிரியர் மேஜையில் வையுங்கள். காவல் நிலையத்திலும் எல்லோருக்கும் இந்த விதி தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

டி.சி. யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பையனைப் பள்ளியை விட்டு வெளியேற்றுவதே சட்டவிரோதம். கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையனை அனுப்பலாம்தான். அனுப்பினால் என்ன ஆகும்? பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்வான், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அவனோடு சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்த பத்துப் பேர் உங்கள் பள்ளியிலேயே இருப்பார்கள்.

பெண் திரும்பி வரும்போது யாரை இடம் மாற்றுவது? பெரும்பாலான பள்ளிகள் ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று பெண்ணை ‘பி’ பிரிவிலிருந்து ‘சி’ பிரிவுக்கு மாற்றுகின்றன. அவளுடைய தோழிகள், அவள் உட்காரும் பெஞ்ச், எல்லாம் போகும். தண்டனை அவளுக்குத்தான் என்று எல்லாப் பிள்ளைகளும் புரிந்துகொள்வார்கள். மாற வேண்டியது பையன்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று வாரம் பெண் வீட்டில் இருந்தால் ஜாதகத்தைக் கையில் எடுக்கும் வீடுகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. பெண் பிள்ளைகள் இதையெல்லாம் வீட்டில் சொல்லாமல் மறைப்பதற்கு வெட்கத்தை விடப் பெரிய காரணம் இதுதான். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தைரியத்துக்குப் பள்ளி என்ன பதில் கொடுக்கிறது என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, 2 லட்சம்.

கேமராவை நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள இடங்களை எண்ணிப் பாருங்கள். கழிப்பறைக்குள் கேமரா வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இன்ஸ்டாகிராம் பள்ளிக் கட்டடத்துக்குள் இல்லை. மாடிப்படி நெரிசலில் நாற்பது பேர் இறங்கும்போது யார் கை எங்கே பட்டது என்று எந்தக் கேமராவும் சொல்லாது. மணி அடிக்கும்போது அந்தப் படியில் ஓர் ஆசிரியர் நின்றால் பாதித் தொல்லை நின்றுவிடும். அதற்குச் செலவில்லை, ஒரு பணிப் பட்டியல் போதும். கேமராப் பதிவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? இதற்குப் பதில் இல்லாத பள்ளிகளில் கேமரா, திருட்டுப் போன மோட்டாரைக் கண்டுபிடிக்கத்தான் உதவியிருக்கிறது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் பின்பக்க வழிக்கும் ஒவ்வொன்று வைப்பதென்றால் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கராத்தே விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். பிள்ளைகள் விளையாட்டாகக் கற்றுக்கொள்ளட்டும், உடம்புக்கு நல்லது. ஆனால் கூட்டத்தில் பின்னாலிருந்து பட்டையை இழுத்துவிட்டு ஓடுபவனிடம் கராத்தே என்ன செய்யும்? உறைந்துபோய் நின்ற பெண்ணிடம், ‘கத்துக்கொடுத்தோமே, ஏன் உதைக்கல?’ என்று கேட்கத்தான் அது பயன்படும். மேலும், தப்பு செய்பவர்களுக்கு விளையாட்டு பீரியட், தப்பு நடந்தவர்களுக்குப் பயிற்சி என்பது என்ன ஏற்பாடு? தற்காப்புப் பயிற்சிக்கென்று ஒன்றிய, மாநில அரசுகளின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 3 மாதத்துக்கு ஒதுக்கீடு உண்டு. அந்தப் பணம் வந்தால் அதில் நடத்திக்கொள்ளட்டும். முன்னாள் மாணவர் பணத்தைத் தொட வேண்டாம்.

என் கருத்து இது: பணத்தில் பாதிக்கு மேல் ஓர் ஆளுக்குப் போக வேண்டும். வாரம் இரண்டு நாள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு பேசும் ஓர் ஆலோசகர். பாடம் நடத்தாதவர், மார்க் போடாதவர், அந்த ஊரில் யாருக்கும் சொந்தக்காரர் அல்லாதவர். அறுநூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் அப்படி ஒருவர் அரசுச் சம்பளத்தில் முழு நேரமாக இருந்திருக்க வேண்டும். முன்னாள் மாணவர்கள் தலையில் விழ வேண்டிய செலவே அல்ல இது. கல்வித் துறையின் நடமாடும் ஆலோசனை மையம் என்று ஒரு வண்டி இருக்கிறது. அது ஒரு பள்ளிக்கு ஒரு நாள் வந்து கூட்டம் போட்டுவிட்டுப் போனால், மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. பிள்ளைகள் முதல் நாளில் எதையும் சொல்ல மாட்டார்கள். நான்காவது வாரம், வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது சொல்வார்கள். அப்போது அதே முகம் அங்கே இருக்க வேண்டும்.

ஆளை எங்கே தேடுவது? அருகில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிப்பு உள்ள கல்லூரி இருக்கிறதா பாருங்கள். அந்தத் துறையிடம் கேட்டால் படிப்பை முடித்து அனுபவம் பெற்றவர்களைச் சொல்வார்கள், களப்பணிக்கு மாணவர்களையும் கூடவே அனுப்புவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளரிடமும் கேளுங்கள். யார் வந்தாலும் காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்த பிறகே பள்ளிக்குள் வர வேண்டும். 2020 போக்சோ விதிகள் பள்ளிப் பணியாளர் அனைவருக்கும் இதைக் கேட்கின்றன. ‘சும்மா சேவையாக வருகிறேன்’ என்பவருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள், முக்கியமாக அவருக்கு. நாளுக்கு 1,500 ரூபாய் என்று வைத்தால் பத்து மாதத்துக்கு 80 நாள், 1,20,000 ரூபாய் ஆகும். உங்கள் பகுதியில் கூடக்குறைய இருக்கலாம்.

மீதி 80,000. பெண்கள் கழிப்பறையை நீங்களே போய்ப் பாருங்கள், தலைமையாசிரியரோடு அல்ல, நாலு அம்மாக்களோடு. தாழ்ப்பாள் இருக்கிறதா, கதவுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி, விளக்கு எரிகிறதா, அங்கே போகும் வழி ஆண்கள் கழிப்பறையைத் தாண்டிப் போகிறதா? ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து கழிப்பறையையே தவிர்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள், பதில் உங்களைத் தூக்கிவாரிப்போடும். சுவரில் எழுதியது அன்றைக்கே அழிய வேண்டும். ஒரு வாளி சுண்ணாம்பும் ஒரு மட்டையும் எப்போதும் இருக்கட்டும். இதற்கும், ஆலோசகர் உட்கார ஓர் அறையைச் சரிசெய்யவும் 45,000 ஒதுக்கலாம். அந்த அறை தலைமையாசிரியர் அறைக்கு எதிரில் வேண்டாம். அங்கே நுழையும் பிள்ளையைப் பார்ப்பவர்கள், நூலகத்துக்குப் போகிறாள் என்று நினைக்கும்படியான இடமாக இருக்கட்டும். 15,000 ரூபாயைக் கைச்செலவுக்கு வையுங்கள். மருத்துவமனைக்கும் நலக் குழுவுக்கும் போய்வர பஸ் செலவு, ஒரு நாள் கூலி போகும் அம்மாவுக்கு ஈடு. இதற்குப் பணமில்லாததால் பாதியில் நின்றுபோகும் புகார்கள் உண்டு. கடைசி 20,000 ஆசிரியர்களுக்கும் பையன்களுக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதாது. ஆனால் ஒன்றை ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்: ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது முதல் ஐந்து நிமிடம் என்ன பேசுவது, யாரிடம் கொண்டுபோவது. ‘நீ ஏன் அங்க போன?’ என்று கேட்கக் கூடாது. நடந்ததை நாலு ஆசிரியர்களிடம் நாலு முறை சொல்ல வைக்கக் கூடாது. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யவும் கூடாது, சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ‘உதவி செய்ய வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்று சொல்லலாம்.

பையன்களோடு பேசுவது தனி வேலை. அதை ஓர் ஆண் ஆசிரியர் செய்வது நல்லது, ஆனால் பிரம்பைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் அல்ல. 2020இல் தொடங்கிய பள்ளி ஆரோக்கியத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பயிற்சி பெற்று வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். ஆண் பெண் சமத்துவமும் இணையப் பாதுகாப்பும் அதன் 11 தலைப்புகளுக்குள் இருக்கின்றன. உங்கள் பள்ளியில் அந்த இருவர் யார் என்று கூட்டத்தில் கேளுங்கள். பெயர் இருந்தும் பீரியட் இல்லாமல் இருக்கலாம், கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொண்டிருப்பார். அந்த பீரியடைத் திரும்ப வாங்கிக் கொடுப்பதுதான் உங்கள் குழுவால் காசில்லாமல் செய்ய முடிந்த பெரிய காரியம். இன்னொன்று, தொல்லைக்கு ஆளாகும் பையன்களும் இருக்கிறார்கள். நடையையும் குரலையும் சொல்லிக் கேலி செய்வதில் தொடங்கி, கழிப்பறையில் டவுசரை இழுப்பது வரை போகும். போக்சோ ஆண் பிள்ளைக்கும் பொருந்தும் சட்டம். ஆலோசகர் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அறிவித்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி எங்கே இருக்கிறது? பல பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோர் கண்ணுக்கும் எதிரில் தொங்குகிறது. அதில் யார் சீட்டுப் போடுவார்கள்? கழிப்பறைக்குப் போகும் வழியில் ஆண், பெண் இரு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள். வாரம் ஒரு முறை, இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும், ஒருவர் பள்ளிப் பணியாளராக இருக்கக் கூடாது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டும் பெட்டி மேல் பெரிதாக இருக்கட்டும்.

‘ஒரு வருஷத்தில் பணம் தீர்ந்த பிறகு?’ என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. 251 முதல் 1,000 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு சமக்ர சிக்ஷா ஒருங்கிணைந்த மானியம் ஆண்டுக்கு 75,000 ரூபாய். அதுவே சாக்பீஸ், மின்கட்டணம், பழுதுபார்ப்பு என்று கரைந்துவிடும். தேசியக் கல்விக் கொள்கைத் தகராறில் 2024-25இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி இரண்டாயிரம் கோடிக்கு மேல் நின்றுபோனதையும் பார்த்தோம். ஆகவே அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆலோசகர் முதல் மாதத்திலிருந்தே பெயரில்லாமல் ஒரு பதிவு வைக்கட்டும்: எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எந்த வகுப்பு, எந்த இடத்தில் நடந்தது, என்ன நடவடிக்கை. பத்து மாதப் பதிவோடு முதன்மைக் கல்வி அலுவலரிடம் பணியிடம் கேட்டுப் போகலாம். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். கேமரா வாங்கியிருந்தால் அடுத்த வருடம் கையில் இருப்பது பழுது பார்க்கும் பில்தான்.

தீர்மானம் எப்படி எழுதுவது என்று போனில் கேட்டீர்கள். இப்படி எழுதலாம்: “மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 15 நாட்களுக்குள் கூட்டப்படும். பாலியல் தொல்லை குறித்த எந்தத் தகவலும் கிடைத்த அன்றே 1098க்கோ காவல்துறைக்கோ தெரிவிக்கப்படும், தெரிவித்த நேரம் பதிவு செய்யப்படும். புகார் தந்த பிள்ளை வகுப்பு மாற்றப்பட மாட்டாது. முன்னாள் மாணவர் நிதியிலிருந்து வாரம் இரு நாள் ஆலோசகர் அமர்த்தப்படுவார்.” பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்பது 2021இல் அரசே எல்லாப் பள்ளிகளிலும் அமைக்கச் சொன்னது. புதிதாக எதையும் கேட்கவில்லை, இருப்பதைக் கூட்டச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். தீர்மானத்தைக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏற்றும்போது எந்தப் பிள்ளையின் பெயரும் வகுப்பும் வரக்கூடாது.

முன்னாள் மாணவர்கள் தங்கள் பணம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும், விழா வைத்து போட்டோ எடுக்க வேண்டும் என்பார்கள். ஆசைப்படுவது தப்பில்லை. சீரமைத்த கழிப்பறைக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒரு கல்வெட்டு வைத்துக் கொடுங்கள். ஆலோசகர் அறையில் வேண்டாம். விழா மேடையில் ‘பாதிக்கப்பட்ட மாணவிகளுக்காக’ என்று யாரும் பேசாதபடி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.